நூறு மீட்டர் நீந்தியும் இடம் மாறாதவர்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை சீனாவின் பான் ஜான்லெ 46.40 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். 100ஐ 46.40ஆல் வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 2.16 மீட்டர். தண்ணீருக்குள் ஒரு மனித உடம்பு இந்த வேகத்தில் போவதே ஆச்சரியம். சரி, அதே 46.40 வினாடியில் அவருடைய சராசரி திசைவேகம் எவ்வளவு? பூஜ்ஜியம்.

இது குதர்க்கம் இல்லை. ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் நீளம் 50 மீட்டர். நூறு மீட்டர் நீந்துகிறவர் எதிர்ச்சுவர்வரை போய், திரும்பி வந்து, புறப்பட்ட சுவரையே தொட்டால்தான் கடிகாரம் நிற்கும். எங்கே தொடங்கினாரோ அங்கேயே முடிக்கிறார். சராசரி திசைவேகம் பார்ப்பதோ, தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும்தான். உலகத்திலேயே வேகமாக நீந்தியவரும், அந்த நேரம் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றவரும் சராசரி திசைவேகக் கணக்கில் ஒன்றுதான். ஒரே ஒரு நீளம் மட்டும் நீந்தும் 50 மீட்டர் போட்டியில் இந்தச் சிக்கல் கிடையாது. 2009இல் பிரேசிலின் சீசர் சியெலோ அந்தத் தூரத்தை 20.91 வினாடியில் கடந்தார். சராசரி வேகம் வினாடிக்கு 2.39 மீட்டர், சராசரி திசைவேகத்தின் அளவும் அதே 2.39. அவர் திரும்பவில்லை, அதனால் இரண்டும் ஒத்துப்போகின்றன.

"திசைவேகத்துக்குத் திசை உண்டு, வேகத்துக்குத் திசை கிடையாது" என்ற ஒற்றை வரியோடு வகுப்பறை பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கடந்துவிடுகிறது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர் என்ன நினைத்துக்கொள்வார்? சராசரி வேகத்தைக் கண்டுபிடித்து, முன்னால் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டால் சராசரி திசைவேகம் வந்துவிடும் என்றுதான். 2.16க்கு முன்னால் எந்தக் குறியைப் போட்டாலும் பூஜ்ஜியம் வராது. இவை ஒரே விடையின் இரண்டு வடிவங்கள் இல்லை, கேள்விகளே வேறு. ஒரு பயணத்தில் எதை நினைவில் வைத்துக்கொள்கிறோம், எதை மறந்துவிடுகிறோம் என்பதில்தான் பிரிவு தொடங்குகிறது.

அதற்கு முன் சொற்களைத் தெளிவாக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் தமிழிலேயே இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசையில்லாதது வேகம், திசையோடு வருவது திசைவேகம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் திசையில்லாதது கதி, திசையோடு வருவது வேகம். ஆக, "சராசரி வேகம்" என்ற அதே சொற்றொடர் பாக் நீரிணையின் இரு கரையிலும் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறிக்கிறது. இந்தக் கட்டுரையில் முதல் வழக்கத்தையே பின்பற்றுகிறேன். கதி என்று படித்தவர்கள் வேகம் என்ற இடத்தில் கதியையும், திசைவேகம் என்ற இடத்தில் வேகத்தையும் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

கோட்டின் மேல் ஒரு புள்ளி

ஒரு பரிமாண இயக்கம் என்றால் பொருள் ஒரே கோட்டில் நகர்கிறது. முன்னே போகலாம், பின்னே வரலாம், பக்கவாட்டில் விலக முடியாது. நேரான தண்டவாளத்தில் ரயில், செங்குத்தாக எறிந்த பந்து, மின்தூக்கி எல்லாம் இந்த வகை. கோட்டில் ஏதாவது ஒரு புள்ளியை ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை நேர்க்குறிப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டால், பொருள் எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு எண்ணால் சொல்லிவிடலாம். இரண்டு திசைதான் இருப்பதால் திசை முழுவதும் கூட்டல், கழித்தல் குறிக்குள் அடங்கிவிடுகிறது.

ஒருவர் ஆதிப்புள்ளியில் தொடங்கி 40 வினாடியில் 80 மீட்டர் முன்னே போகிறார். அப்புறம் திரும்பி, 20 வினாடியில் 60 மீட்டர் பின்னால் வருகிறார். இப்போது அவர் இருப்பது 20 மீட்டரில். நடந்த தொலைவு 80உம் 60உம் சேர்ந்து 140 மீட்டர். இடப்பெயர்ச்சி, அதாவது முடிந்த இடத்துக்கும் தொடங்கிய இடத்துக்கும் உள்ள வித்தியாசம், வெறும் 20 மீட்டர். ஆன நேரம் 60 வினாடி. தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம்: வினாடிக்கு 2.33 மீட்டர். இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரி திசைவேகம்: நேர்க்குறித் திசையில் வினாடிக்கு 0.33 மீட்டர். இரண்டிலும் வகுக்கும் எண் ஒன்றுதான். மேலே இருக்கும் எண்தான் மாறுகிறது.

சராசரி திசைவேகத்துக்கு நடுவில் நடந்த எதுவும் தெரியாது. தொடக்கத்தில் ஒரு படம், முடிவில் ஒரு படம், கையில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். நடுவே அவர் பத்து முறை முன்னும் பின்னும் ஓடியிருந்தாலும் விடை மாறாது. சராசரி வேகமோ ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்திருக்கிறது. ஆனால் எந்த அடி எந்தப் பக்கம் வைக்கப்பட்டது என்பதை அது குறித்துக்கொள்வதில்லை.

இதிலிருந்து ஒரு விதி தானாக வந்துவிடுகிறது. இடப்பெயர்ச்சியின் அளவு ஒருபோதும் தொலைவைத் தாண்டாது. ஆகவே சராசரி திசைவேகத்தின் அளவும் சராசரி வேகத்தைத் தாண்டாது. வழியில் ஒருமுறைகூடத் திரும்பாதபோது மட்டுமே இரண்டும் சமம். இங்கே பலர் தடுமாறும் ஒரு நுணுக்கம் உண்டு: நடுவில் நிற்பது இந்தச் சமத்தைக் கெடுக்காது. ரயில் நடுவழியில் பத்து நிமிடம் நின்றால் இரண்டு சராசரிகளும் ஒரே விகிதத்தில் குறையும். நிற்கும் நேரமும் நேரம்தான், அதை வகுக்கும் எண்ணிலிருந்து கழிக்கக் கூடாது. திரும்புவதுதான் இரண்டையும் பிரிக்கிறது.

குறிகளைப் பற்றி இன்னொன்று. எதிர்க்குறி இடத்தில் இருப்பதும் எதிர்க்குறித் திசைவேகமும் ஒன்றல்ல. ஒரு பொருள் கழித்தல் 50 மீட்டரிலிருந்து கழித்தல் 10 மீட்டருக்கு 8 வினாடியில் வருகிறது என்றால் இடப்பெயர்ச்சி கூட்டல் 40. சராசரி திசைவேகம் கூட்டல் 5. இரண்டு இடங்களும் எதிர்ப்பக்கத்தில் இருந்தும் பயணம் நேர்த்திசையில்தான். ஆதிப்புள்ளியை எங்கே தூக்கி வைத்தாலும் இந்த 40 மாறாது, ஏனென்றால் இரண்டு இடங்களும் சேர்ந்தே நகரும். நேர்த்திசை எது என்பதை மாற்றிக்கொண்டால் மட்டும் குறி தலைகீழாகும்.

பூஜ்ஜியத்தால் யாருக்கு என்ன பயன்?

உலக சாதனைக்குப் பூஜ்ஜியம் மதிப்பெண் போடும் ஒரு அளவு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நீந்தியவரின் களைப்பு, வண்டி குடித்த எரிபொருள், டயரின் தேய்மானம் இவற்றையெல்லாம் விசாரிக்க வேண்டுமென்றால் தொலைவும் சராசரி வேகமும்தான் வேண்டும். ஆனால் "இப்போது எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவை பதில் சொல்லாது. ஒரு பொருள் வினாடிக்குச் சராசரியாக 2.33 மீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் நகர்ந்தது என்றால் அது தொடங்கிய இடத்திலேயே இருக்கலாம், 140 மீட்டர் தள்ளியும் இருக்கலாம். சராசரி திசைவேகத்தை நேரத்தால் பெருக்கித் தொடங்கிய இடத்தோடு கூட்டினால் முடிந்த இடம் கையில் வந்துவிடும்.

இதற்கு நான் அறிந்தவற்றிலேயே கூர்மையான எடுத்துக்காட்டு செம்புக் கம்பிக்குள் இருக்கிறது. செம்பில் மின்னோட்டத்துக்குக் காரணமான எலக்ட்ரான்கள் வினாடிக்குச் சுமார் 15 லட்சம் மீட்டர் வேகத்தில் அலைகின்றன. கம்பியில் மின்சாரம் ஓடாதபோதும் இந்த அலைச்சல் ஓய்வதில்லை. ஆனால் முன்னும் பின்னுமாக எல்லாப் பக்கமும் சமமாக அலைவதால், கம்பியின் நீளவாக்கில் பார்த்தால் அவற்றின் சராசரி திசைவேகம் பூஜ்ஜியம், மின்னோட்டமும் பூஜ்ஜியம். இப்போது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள கம்பியில் 1 ஆம்பியர் செலுத்துவோம். சராசரி திசைவேகம் எவ்வளவு ஆகும்? செம்பில் ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்குப் போட்டால் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர் வருகிறது. நத்தைகூட இதைவிட வேகம். லட்சக்கணக்கான மீட்டர் வேகத்தில் நடக்கும் அலைச்சலில் இந்த நூலிழை மிச்சம்தான் விளக்கை எரிய வைக்கிறது. மின்னோட்டத்தைக் கணக்கிட எலக்ட்ரானின் சராசரி வேகத்தை எடுத்துக்கொண்டால் விடை அபத்தமாகப் போய்விடும். அங்கே வேலை செய்வது சராசரி திசைவேகம், அதற்கு இழுப்புத் திசைவேகம் என்று தனிப் பெயரே உண்டு.

சராசரிகளின் சராசரி

தேர்வில் மதிப்பெண் பறிபோகும் இடம் பெரும்பாலும் திசை இல்லை. சராசரி எடுக்கும் முறைதான். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 40 கிலோமீட்டர். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? கை தானாக 50 என்று எழுதும். ஒருவழித் தூரத்தை 120 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். 240 கிலோமீட்டரை 5ஆல் வகுத்தால் 48. தூரம் 120க்குப் பதிலாக 12 என்றாலும் 1,200 என்றாலும் அதே 48தான்.

இரண்டு கிலோமீட்டர் எங்கே காணாமல் போனது? 40இல் போன நேரம் அதிகம். 60இல் இரண்டு மணி நேரம்தான் இருந்தோம், 40இல் மூன்று மணி நேரம் இருந்தோம். சராசரி வேகம் என்பது கிலோமீட்டர்களின் சொத்து இல்லை, மணி நேரங்களின் சொத்து. எந்த வேகத்தில் அதிக நேரம் கழிகிறதோ அதன் பக்கம் சராசரி சாயும். 60இல் பாதி நேரமும் 40இல் பாதி நேரமும் ஓட்டியிருந்தால் 50 என்பது சரியான விடை. பாதித் தூரம் பாதித் தூரம் என்று வரும்போது மெதுவான பாதி எப்போதும் அதிக நேரத்தை விழுங்கும். அதனால் உண்மையான சராசரி எப்போதும் நடு எண்ணுக்குக் கீழேதான் விழும். இதற்குச் சூத்திரம் உண்டு: இரண்டு வேகங்களின் பெருக்கலை இரட்டிப்பாக்கி, அவற்றின் கூட்டலால் வகுக்க வேண்டும். கணிதத்தில் இதை இசைச் சராசரி என்பார்கள். சூத்திரத்தை நினைவில் வைப்பதைவிட, மொத்தத் தொலைவு, மொத்த நேரம் என்று ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு என்பது என் கட்சி. சூத்திரம் பாதித் தூரக் கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும்; மற்ற வழி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அதே பயணத்தின் சராசரி திசைவேகம்? புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம், பூஜ்ஜியம். 60இலிருந்து 40ஐக் கழித்து இரண்டால் வகுத்து 10 என்று எழுதுவோரும் உண்டு. அங்கேயும் அதே தவறுதான், குறியோடு சேர்த்து நடந்திருக்கிறது. திசைவேகங்களையும் நேர எடை போட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்: கூட்டல் 60 இரண்டு மணி நேரம், கழித்தல் 40 மூன்று மணி நேரம், 120இலிருந்து 120 போனால் பூஜ்ஜியம்.

இந்தப் பொறி வெறும் பாடப்புத்தகக் கற்பனை இல்லை என்பதற்கு உசைன் போல்ட்டின் ஓட்டம் சாட்சி. 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் அவர் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அந்த ஓட்டம் 20 மீட்டர் துண்டுகளாக அளக்கப்பட்டிருக்கிறது. முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி (துப்பாக்கிச் சத்தம் கேட்டு உடம்பு அசையும்வரை ஆன நேரமும் இதற்குள் அடக்கம்). அடுத்தடுத்த துண்டுகளுக்கு 1.75, 1.67, 1.61, 1.66. துண்டு வாரியாகச் சராசரி வேகம் எடுத்தால் வினாடிக்கு 6.92, 11.43, 11.98, 12.42, 12.05 மீட்டர் என்று வருகிறது. இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 10.96. ஆனால் 100ஐ 9.58ஆல் வகுத்தால் 10.44தான். 10.96 நிஜமாக இருந்திருந்தால் அவர் 9.12 வினாடியில் எல்லையைத் தொட்டிருப்பார்! தப்பான சராசரி, கிட்டத்தட்ட அரை வினாடியை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. காரணம் முதல் துண்டு. தூரத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. நேரத்தில் பத்தில் மூன்று பங்கு.

இன்னொரு விஷயமும் இந்த எண்களில் தெரிகிறது. "போல்ட் எவ்வளவு வேகம்?" என்று யாராவது கேட்டால் 10.44 என்றும் சொல்லலாம், 12.42 என்றும் சொல்லலாம். மணிக்கு எவ்வளவு என்று மாற்றினால் முன்னது 37.6 கிலோமீட்டர், பின்னது 44.7. இரண்டும் சராசரிதான், எடுத்துக்கொண்ட இடைவெளிதான் வேறு. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை என்று சொல்லாத சராசரி அரைகுறைத் தகவல்.

மலை ஏறிய பழைய கார்

உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1934இல் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதத்தில் இப்படி ஒரு புதிர் அனுப்பினார். ஒரு பழைய கார் ஒரு மைல் மலை ஏறி ஒரு மைல் இறங்க வேண்டும். ஏறும்போது மணிக்கு 15 மைலுக்கு மேல் போக முடியவில்லை. மொத்த இரண்டு மைலுக்கும் சராசரி மணிக்கு 30 மைல் ஆக வேண்டுமென்றால் இறங்கும்போது எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்?

45 என்று மனசுக்குள் ஓடும். சரி, நேரத்தைப் பாருங்கள். இரண்டு மைலை மணிக்கு 30 மைலில் கடக்க 4 நிமிடம். முதல் மைலை 15இல் ஏறவே 4 நிமிடம் போய்விட்டது. இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை. எவ்வளவு வேகமாக இறங்கினாலும் நடக்காது. கணக்குப் போடும்வரை தனக்கும் இது உறைக்கவில்லை என்று ஐன்ஸ்டைன் பதிலில் ஒப்புக்கொண்டார். நமக்குச் சறுக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதித் தூரத்தை ஒரு வேகத்தில் போய்விட்டால், மொத்தச் சராசரியை அதன் இரண்டு மடங்குவரை கொண்டுபோகவே முடியாது. நெருங்கலாம், தொட முடியாது. மறுபக்கம் இப்படி எந்தக் கருணையும் இல்லை. முதல் பாதியை எவ்வளவு வேகமாக ஓட்டியிருந்தாலும், இரண்டாம் பாதியில் ஊர்ந்தால் சராசரியைப் பூஜ்ஜியத்துக்கு அருகில்கூட இழுத்துவிடலாம். தாமதமாகிவிட்ட பயணத்தின் கடைசியில் வண்டியை விரட்டுவதால் ஏன் எதிர்பார்த்த அளவு நேரம் மிச்சமாவதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்.

எப்போது பாதியாக வகுக்கலாம்

தொடக்கத் திசைவேகத்தையும் இறுதித் திசைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அது பிழையான சூத்திரம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைக்குள் முழுக்கச் சரியானது. முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், மாறாமல் இருக்க வேண்டும். இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த அறிஞர்கள். 1335இல் வில்லியம் ஹெய்ட்ஸ்பரி எழுதிய நூலில் இந்த விதி இருக்கிறது. சில பத்தாண்டுகளுக்குள் பிரான்சின் நிக்கோல் ஒரேம் படம் வரைந்தே நிரூபித்துவிட்டார்: நேரத்தைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வைத்தால், ஓய்விலிருந்து சீராக ஏறும் வேகம் ஒரு முக்கோணம் ஆகிறது, அதே பரப்புள்ள செவ்வகத்தின் உயரம் முக்கோணத்தின் உயரத்தில் பாதி. 1638இல் வெளியான நூலில் கலிலியோ, விழும் பொருள்களின் கணக்கை இதே விதியிலிருந்துதான் தொடங்குகிறார்.

பரப்பு என்ற அந்த எண்ணம் நம் விஷயத்துக்கு நேரடியாக உதவுகிறது. திசைவேகம், நேரம் வரைபடத்தில் கோட்டுக்கும் கிடை அச்சுக்கும் இடையிலுள்ள பரப்புதான் இடப்பெயர்ச்சி. அச்சுக்குக் கீழே போகும் பரப்பைக் கழித்தல் குறியோடு எடுத்தால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டல் குறியோடு எடுத்தால் தொலைவு கிடைக்கும். இரண்டு சராசரிகளின் முழுக் கதையும் இந்தக் குறி மாற்றத்தில் அடங்கிவிடுகிறது.

வினாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் மேல்நோக்கி ஒரு பந்தை எறிவோம். காற்றின் தடையை விட்டுவிடலாம்; ஈர்ப்பு முடுக்கம் 9.8. பந்து 2 வினாடியில் 19.6 மீட்டர் உயரம் ஏறி ஒரு கணம் நிற்கும், பிறகு இறங்கி 4ஆம் வினாடியில் கைக்கு வரும். 4 வினாடிக்கும் சேர்த்துச் சராசரி திசைவேகம் பூஜ்ஜியம், சராசரி வேகம் 9.8. முதல் 3 வினாடியை மட்டும் எடுத்தால்தான் சுவாரசியம். 3ஆம் வினாடியில் பந்து 14.7 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சராசரி திசைவேகம் 14.7 வகுத்தல் 3, அதாவது மேல்நோக்கி 4.9. பாதியாக வகுக்கும் சூத்திரமும் அதையே சொல்கிறது: கூட்டல் 19.6உம் கழித்தல் 9.8உம் சேர்ந்து 9.8, அதில் பாதி 4.9. பந்து திரும்பியதைப் பற்றிச் சூத்திரம் கவலைப்படவே இல்லை, ஏனென்றால் முடுக்கம் முழு நேரமும் ஒன்றுதான்.

அதே சூத்திரத்தைச் சராசரி வேகத்துக்குப் போட்டால் விழுந்துவிடும். குறியை எடுத்துவிட்டு 19.6உம் 9.8உம் கூட்டிப் பாதியாக்கினால் 14.7. உண்மையில் பந்து கடந்த தொலைவு ஏறிய 19.6உம் இறங்கிய 4.9உம் சேர்ந்து 24.5 மீட்டர், 3ஆல் வகுத்தால் 8.17. உச்சிக்கு அருகே பந்து மெதுவாகத் தயங்கி நின்ற நேரம் முழுவதையும் அந்த 14.7 கண்டுகொள்ளவில்லை. திரும்பும் இயக்கத்தில் சராசரி வேகம் வேண்டுமென்றால் திரும்பும் புள்ளியைக் கண்டுபிடித்து, பயணத்தை அங்கே வெட்டி, இரண்டு துண்டுகளாகத்தான் தொலைவு எடுக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

"நடு" என்ற சொல்லும் ஏமாற்றும். ஓய்விலிருந்து 3 வினாடி விழும் பொருள் 44.1 மீட்டர் விழுகிறது, கடைசியில் வேகம் 29.4, சராசரி 14.7. அந்த 14.7ஐ அது தொடுவது பாதி நேரத்தில், 1.5ஆவது வினாடியில். பாதித் தூரத்தில் இல்லை. பாதி நேரத்தில் அது விழுந்திருப்பது கால்வாசித் தூரம்தான். பாதித் தூரத்தைக் கடக்கும்போது வேகம் ஏற்கெனவே 20.8 ஆகிவிட்டிருக்கும். இங்கேயும் சராசரி நேரத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இடைவெளி சுருங்கும்போது

நேரத்தைக் கிடையாகவும் இடத்தைச் செங்குத்தாகவும் வைத்து இயக்கத்தை வரைந்தால், இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்க்கோட்டின் சாய்வுதான் அந்த இடைவெளியின் சராசரி திசைவேகம். இடையில் வளைகோடு மேலே போனதா, கீழே வந்ததா என்பது நேர்க்கோட்டுக்குத் தெரியாது. சராசரி வேகத்தை இப்படி ஒரே கோட்டின் சாய்வாகப் பார்க்க முடியாது.

இப்போது இடைவெளியைச் சுருக்குவோம். ஒரு பொருளின் இடம், நேரத்தின் வர்க்கத்தை 5ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் என்று இருக்கட்டும். 1ஆவது வினாடியிலிருந்து 2ஆவது வினாடிவரை சராசரி திசைவேகம் 15. 1இலிருந்து 1.1வரை 10.5. 1இலிருந்து 1.01வரை 10.05. 1.001வரை 10.005. எண் எங்கே போய் நிற்கப் போகிறது என்பது தெரிகிறது. அந்த 10தான் 1ஆவது வினாடியின் உடனடித் திசைவேகம். உடனடித் திசைவேகம் என்பது தனியாக வானத்திலிருந்து வந்த கருத்து இல்லை. சராசரியைச் சுருக்கிச் சுருக்கிக் கிடைத்த எல்லை.

இந்தச் சுருக்கத்தில்தான் பலரைக் குழப்பும் ஒரு வாக்கியம் தெளிவாகிறது. "வேகம் என்பது திசைவேகத்தின் அளவு" என்று புத்தகத்தில் இருக்கும். உடனடி மதிப்புகளுக்கு அது உண்மை. போதுமான அளவு சிறிய இடைவெளிக்குள் பொருளுக்குத் திரும்ப நேரம் இல்லை. தொலைவும் இடப்பெயர்ச்சியின் அளவும் ஒன்றாகிவிடுகின்றன. இடைவெளி பெரிதாகும்போது திரும்ப இடம் கிடைக்கிறது, வாக்கியம் உடைகிறது. சராசரி வேகம் என்பது சராசரி திசைவேகத்தின் அளவு இல்லை. உடனடித் திசைவேகத்தின் அளவை எடுத்து, அப்புறம் சராசரி போட்டால் வருவது. முதலில் சராசரி போட்டு அப்புறம் குறியை எடுப்பதும், முதலில் குறியை எடுத்து அப்புறம் சராசரி போடுவதும் ஒன்றல்ல. குளத்தில் பூஜ்ஜியத்துக்கும் 2.16க்கும் உள்ள தூரம், இந்த இரண்டு வேலைகளின் வரிசை மாறியதால் வந்தது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். சில நாடுகளில் நெடுஞ்சாலையின் இரண்டு இடங்களில் கேமரா வைத்து, வண்டி எண்ணையும் நேரத்தையும் பதிந்து, இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்து அபராதம் போடுகிறார்கள். கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் பிரேக்கை மிதிக்கும் தந்திரம் இங்கே செல்லாது. 5 கிலோமீட்டர் இடைவெளி, எல்லை மணிக்கு 60 என்றால், ஒழுங்காகப் போகும் வண்டிக்குக் குறைந்தது 5 நிமிடம் ஆக வேண்டும். 4 நிமிடத்தில் வந்துவிட்ட வண்டியின் சராசரி 75. வழியில் எந்த இடத்திலும் அதை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு கணத்தில் அது சரியாக 75இல் போயே இருக்க வேண்டும். முழு நேரமும் 75க்குக் கீழேயே போயிருந்தால் 4 நிமிடத்தில் வந்திருக்க முடியாது. கணிதத்தில் இதற்கு லாக்ராஞ்சின் இடைமதிப்புத் தேற்றம் என்று பெயர்.

அந்தக் கருவி கண்டுபிடிப்பது எந்தச் சராசரி? அதற்குத் தெரிந்தது இரண்டு இடங்களும் இரண்டு நேரங்களும்தான். வண்டி நடுவில் மறந்துவிட்ட பொருளை எடுக்க ஒரு கிலோமீட்டர் திரும்பிப் போய் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. சாலை நேராக இருக்கும்வரை அது அளப்பது சராசரி திசைவேகத்தை. ஓட்டுநர் மீறியது வேக எல்லையை. இதில் அநியாயம் ஏதும் இல்லை. திரும்பிப் போய் வந்த ஓட்டுநரின் உண்மையான சராசரி வேகம், கருவி சொல்லும் எண்ணைவிட அதிகமாகத்தான் இருக்கும், குறையவே குறையாது. 4 நிமிடத்தில் 5 கிலோமீட்டருக்குப் பதில் 7 கிலோமீட்டர் ஓட்டியவருக்கு மணிக்கு 105 என்று வர வேண்டிய சீட்டு, 75 என்று வருகிறது.